முரட்டு முடிக்கு அடியில்: நாட்டு வெள்ளாடும் பஷ்மினாவும்

காஷ்மீர் சால்வைக்குப் பாரிஸ் நகரமே கிறங்கிக் கிடந்த காலம் அது. சால்வை இந்தியாவிலிருந்து போக வேண்டும், விலையோ சொல்லி மாளாது. கியோம் தெர்னோ என்ற ஜவுளி ஆலை முதலாளிக்கு, அந்தச் சால்வைக்கு ரோமம் தருகிற ஆடுகளையே பிரான்சுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கீழை மொழிகள் தெரிந்த அமெதே ஜோபேரை 1818-ல் அனுப்பி வைத்தார். தேடிப் போனது திபெத் ஆட்டை. ஆனால் ஜோபேர் அவ்வளவு தூரம் போகவே இல்லை. தெற்கு ரஷ்யா வழியாகப் போகும்போதே, யூரல் ஆற்றுப் பக்கத்துப் புல்வெளிகளில் மேய்கிற ஆடுகள் வருஷா வருஷம் மெல்லிய ரோமத்தை உதிர்க்கின்றன என்று அங்கிருந்த வியாபாரிகள் சொன்னார்கள். போய்ப் பார்த்தார், இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அங்கேயே வாங்கினார். புல்வெளி, குளிர், கருங்கடல், கப்பல் எல்லாம் தாண்டி 1819-ல் பிரான்ஸ் கரை சேர்ந்தவை சுமார் 400.

அந்த ஆட்டுக்காரர்களை அன்றைய ரஷ்யர்கள் கிர்கிஸ் என்றார்கள், இன்றைய பெயரில் அவர்கள் கசாக்குகள். அவர்களுக்கு அது கறிக்கும் பாலுக்கும் வைத்திருந்த ஆடு. தோலைத் தடவினால் கயிறு மாதிரி முடி கையில் குத்தும். அதற்கு அடியில் இருந்ததைத்தான் பிரான்சிலிருந்து ஒருவர் தேடி வந்தார்.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த 200 ஆண்டுகளில் மத்திய ஆசியா, ஆப்கானிஸ்தான், ஆஸ்திரேலியா என்று எங்கெல்லாம் நாட்டு ஆட்டிலிருந்து மென்ரோமம் எடுக்க முயன்றார்களோ, பெரும்பாலான இடங்களில் முதல் யோசனை ஒன்றுதான்: வெளியிலிருந்து நல்ல கிடா கொண்டு வா, கலப்பு செய். ஆனால் எடுக்க வேண்டிய பொருள் ஏற்கெனவே அந்த நாட்டு ஆட்டின் மேலேயே இருந்தது, பல இடங்களில் கலப்பு செய்ததால்தான் அது கெட்டது என்பதே என் கருத்து. அதை விளக்க, ஆட்டின் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளாட்டின் தோலில் இரண்டு வகை மயிர்க்குழிகள் உண்டு. முதல் வகை கருவிலேயே முன்னதாக உருவாகிவிடும். அதிலிருந்து வருவது மேல்முடி, அதாவது நாம் கண்ணால் பார்க்கிற நீளமான, முரட்டு முடி. உள்ளே துளையோடியது, மழையையும் காற்றையும் தடுப்பது, பெரும்பாலும் 50 மைக்ரானுக்கும் மேல் தடிப்பு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டாவது வகைக் குழிகள் பிறகு உருவாகின்றன, ஒவ்வொரு முதல் குழியைச் சுற்றியும் கொத்தாக. அதிலிருந்து வருவதுதான் அடிரோமம்: துளையில்லாதது, சுருள் சுருளானது, நல்ல ஆட்டில் 13 முதல் 16 மைக்ரான் வரை இருக்கும். நம் தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் இது எவ்வளவு சன்னம் என்று புரியும். இந்த அடிரோமத்தைத்தான் காஷ்மியர் என்றும், லடாக் பக்கத்துச் சன்னமான ரகத்தைப் பஷ்மினா என்றும் விற்கிறார்கள். கிர்கிஸ் மொழியில் இதற்கு திபித் என்று பெயர்.

ஒரு முறை லடாக்கின் லே நகரத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், ஆட்டிலிருந்து சீவி எடுத்தபடியே, கழுவாத ரோமம் ஒரு பிடி கொண்டு வந்து கொடுத்தார். பார்க்க ஒன்றுமே இல்லை, அழுக்கு நிறத்தில் பஞ்சு உருண்டை, லேசான ஆட்டு வாடை, நடுவில் புல் துணுக்கு, பொடுகு. அதை ஒரு கறுப்புத் துணி மேல் வைத்து, இரண்டு விரலால் மெல்லப் பிரித்தேன். நேரான, மினுமினுப்பான முடிகள் ஒன்றிரண்டு தனியாக நீட்டிக்கொண்டு நின்றன, அவற்றைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீதி இருந்தது இழை இழையாகக் கண்ணுக்குத் தெரியவில்லை, புகை மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடினேன், அரை நிமிஷத்தில் கை சூடாகிவிட்டது.

இந்த மென்மைக்குக் காரணம் தடிப்புதான், வேறு மாயம் இல்லை. ஒரு இழை வளைந்து கொடுப்பதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 15 மைக்ரான் இழையையும் 19 மைக்ரான் இழையையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் 19-ல் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. விரலுக்கும் கழுத்துத் தோலுக்கும் அது உடனே தெரிந்துவிடும். 30 மைக்ரானைத் தாண்டிய முடியின் நுனி வளையாமல் தோலைக் குத்தும், அதைத்தான் கம்பளி அரிக்கிறது என்று சொல்கிறோம். அமெரிக்கச் சட்டத்தில் காஷ்மியர் என்று எழுதி விற்க வேண்டுமானால் சராசரி 19 மைக்ரானைத் தாண்டக் கூடாது, 30 மைக்ரானுக்கு மேல் உள்ள இழைகள் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

அடுத்து, குளிர். பனி அதிகமானால் ரோமம் அதிகமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை. ஆயிரக்கணக்கான வருஷக் குளிரில் தப்பித்து வந்த ஆடுகளுக்குத்தான் அடர்ந்த அடிரோமம் இருக்கிறது, அது சரி. ஆனால் ஒரு வருஷத்துக்குள் ரோமம் எப்போது முளைக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஆட்டின் உடம்புக்குச் சொல்வது பகல் பொழுதின் நீளம். ஜூனில் பகல் உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்கும்போது அடிரோமம் வளர ஆரம்பிக்கிறது, டிசம்பர் கடைசியில் பகல் மறுபடி நீளத் தொடங்கும்போது வளர்ச்சி நிற்கிறது, அப்புறம் வசந்தத்தில் வேர் தளர்ந்து உதிர்கிறது. இருட்டின் நீளத்தைக் காட்டுகிற மெலடோனினும், வசந்தத்தில் ஏறுகிற புரோலாக்டினும் ஆகிய இரண்டு ஹார்மோன்கள்தான் இதை நடத்துகின்றன. அதனால்தான் பனியே பார்க்காத ஆஸ்திரேலியப் பண்ணையிலும் ஆட்டுக்கு அடிரோமம் வந்தது.

நம் ஊர் கொடி ஆட்டிலும் கன்னி ஆட்டிலும் எடுக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. இரண்டாம் வகைக் குழிகள் அவற்றுக்கும் உண்டு, ஆனால் வெயிலுக்குப் பழகிய இனங்களில் எடுத்து விற்கும் அளவுக்கு எதுவும் வளர்வதில்லை. தமிழ்நாட்டில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம் போல. கிர்கிஸ்தானில் அது ஆறு மணி நேரம்.

சரி, கிர்கிஸ்தானுக்கே வருவோம், இந்த விஷயத்தின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் தெரிவது அங்கேதான். அங்குள்ள நாட்டு ஆட்டை ஜைதாரி என்பார்கள். பெரும்பாலும் கறுப்பு, சிறிய உடம்பு, மலைச்சரிவில் செம்மறி மந்தைக்கு முன்னால் நடந்து வழிகாட்டுவது. சோவியத் கால ஆவணங்களில் இப்படிப்பட்ட ஆடுகள் அத்தனைக்கும் ஒரே பெயர், உள்ளூர் முரட்டுமுடி ஆடு. அந்தப் பெயரிலேயே ஒரு முடிவு இருக்கிறது பாருங்கள். மேல்முடியைப் பார்த்து வைத்த பெயர் அது. முரடு என்றால் திருத்தப்பட வேண்டியது.

திருத்தினார்கள். 1930களில் அமெரிக்காவிலிருந்து அங்கோரா என்ற ஆட்டினத்தின் கிடாக்களை வரவழைத்து, மத்திய ஆசியாவின் நாட்டு ஆடுகளோடு கலந்து, 1962-ல் ஒரு புதிய இனத்துக்கே அங்கீகாரம் கொடுத்தார்கள், மோஹேர் என்கிற நீண்ட பளபளப்பான ரோமத்துக்காக. அல்தாய் மலைப் பகுதியில் வேறு வழி: ரஷ்யாவின் டான் ஆற்றங்கரை ஆடுகளை நாட்டு ஆட்டோடு கலந்தார்கள், 1944-ல் தொடங்கிய வேலை 1982-ல் தனி இனமாக முடிந்தது. கிர்கிஸ்தானிலும் டான் கலப்பு நடந்தது. ஏன் டான் ஆடு என்றால், நாட்டு ஆடு வருஷத்துக்கு 100 முதல் 300 கிராம் கொடுக்கிற இடத்தில் டான் ஆடு அரைக் கிலோ, நல்லது ஒரு கிலோ வரை கொடுக்கும். அடிரோமம் மேல்முடியையும் தாண்டி நீண்டு வளரும். கணக்கு எழுதுகிற அதிகாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ரஷ்யாவில் ரோமச் சால்வை என்பது கையால் பின்னுவது. குளிருக்குப் போர்த்துகிற தடித்த, புசுபுசுவென்ற சால்வைக்கு நீளமான, உறுதியான ரோமம்தான் தேவை, டான் ஆட்டின் 19 முதல் 22 மைக்ரான் ரோமம் அதற்குப் பொருத்தம். அந்த வேலைக்கு அது நல்ல ரோமம்தான். பிரச்சினை என்னவென்றால், 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, கூட்டுப்பண்ணைகள் கலைந்தன, மெரினோ செம்மறிக் கம்பளியை அரசு வாங்குவது நின்றது, 90களில் எல்லை தாண்டி வந்த சீன வியாபாரிகள் கேட்டது வேறு ரோமம். அவர்களுக்கு வேண்டியது ஆலையில் நூற்று மெல்லிய ஸ்வெட்டர் பின்னுவதற்கான சன்ன ரகம். தலைமுறைக் கணக்கில் அரசு செலவில் "திருத்தப்பட்ட" ஆடுகளின் ரோமம் அந்தச் சந்தையின் எல்லைக்கு வெளியே போய் நின்றது. நகரத்துக்கு எட்டாத மலைக் கிராமங்களில், நரின் பக்கத்திலும் ஓஷ் மாகாணத்து அலாய் பள்ளத்தாக்குகளிலும், கலப்பு போய்ச் சேராமல் தப்பிய கறுப்பு ஜைதாரி ஆடுகளைப் பிடித்து அளந்து பார்த்தால் 16 மைக்ரானுக்குக் கீழே நிறைய இருந்தன.

இங்கே மரபியல் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோமத்தின் எடையும் தடிப்பும் இரண்டுமே தாய் தகப்பனிடமிருந்து குட்டிக்கு நன்றாக இறங்குகிற குணங்கள். ஆனால் இரண்டும் கைகோத்து நடக்கின்றன, எடை கூடும்போது தடிப்பும் சேர்ந்து கூடும். எடையை மட்டும் பார்த்துக் கிடா தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், யாரும் நினைக்காமலே ஒவ்வொரு தலைமுறையிலும் ரோமம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துவிடும். சீனாவின் லியாவோனிங் ஆடுகள் எடையில் பேர் பெற்றவை, சன்னத்தில் உள் மங்கோலியாவின் அர்பாஸ் ஆடுகளுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. தடித்ததைத் திரும்பச் சன்னமாக்க இன்னும் பல தலைமுறை வேண்டும்.

கலப்பில் இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாட்டு ஆட்டில் மேல்முடி 70, 80 மைக்ரான், அடிரோமம் 15. நடுவில் எதுவும் இல்லை, ஒரு பெரிய இடைவெளி. அந்த இடைவெளியை நம்பித்தான் பிரிக்கிற இயந்திரம் ஓடுகிறது: பல்லுள்ள உருளைகளில் ரோமத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது கனமான, விறைத்த முடி தெறித்து விழும், லேசான ரோமம் உருளையோடு ஒட்டிக்கொண்டு போகும். அங்கோராவோடு கலந்த குட்டிக்கு மேல்முடி மெலிகிறது, அடிரோமம் தடிக்கிறது, இரண்டுக்கும் நடுவில் 25, 30 மைக்ரானில் இடைப்பட்ட இழைகள் வந்து நிற்கின்றன. இயந்திரத்தால் அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தீர்மானிக்க முடியாது. எத்தனை முறை ஓட்டினாலும் துணியில் குத்தல் இருக்கும். இப்படி வந்த ரோமத்துக்கு 1980களில் காஷ்கோரா என்று தனிப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று, அதற்கு நிலையான சந்தை அமையவில்லை. ஆக, முரட்டு முடி முரட்டு முடியாகவே இருப்பது அந்த ஆட்டின் குறை கிடையாது. மேலே எவ்வளவு முரடோ அவ்வளவு சுத்தமாகக் கீழே உள்ளதைப் பிரிக்கலாம்.

ஜோபேர் கொண்டு வந்த ஆடுகளுக்கும் இதுதான் நேர்ந்தது. பிரான்சில் பொலொன்சோ என்பவர் அவற்றை அங்கோராவோடு கலந்து ஒரு மந்தை உருவாக்கினார், அதிலிருந்து ஒரு சிறு கூட்டம் 1832-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. அங்கே குடியேறிகள் கொண்டு வந்த பலவகை ஆடுகள் காட்டில் விடப்பட்டுக் காட்டாடுகளாகின. 1970களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸின் பிரூவாரினா பக்கம், தொல்லை என்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த அந்தக் காட்டாடுகளின் முடிக்கு அடியில் காஷ்மியர் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். யாரும் வளர்க்காமல், யாரும் கவனிக்காமல் அது அங்கேயே இருந்திருக்கிறது.

ஹெராத் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஆப்கானிஸ்தானின் மேற்கில் இருக்கும் அந்த மாகாணத்தில் நாட்டு ஆடுகளின் ரோமம் நல்ல சன்னம், ஆனால் பழுப்பு, கறுப்பு. வெள்ளை ரோமத்துக்கு எந்தச் சாயமும் ஏறும், அதனால் விலை கூட. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவு, ஏறக்குறைய 60 லட்சம் டாலர் செலவிட்ட ஒரு திட்டத்தில், வெளிர் நிற ஆட்டுக் கிடாக்கள் ஒன்பதை இத்தாலியிலிருந்து ஹெராத்துக்குக் கொண்டு போய் இறக்கியது. 2016 ஜனவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் பேசிய தணிக்கை அதிகாரி ஜான் சோப்கோ, அந்த ஆடுகள் பிழைத்திருக்கின்றனவா, யாராவது சாப்பிட்டுவிட்டார்களா என்பதுகூடத் தெரியவில்லை என்று சொன்னார். எனக்கு அதைப் படித்தபோது ரொம்ப வருத்தமாக இருந்தது. அந்தப் பணத்தில் எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்குச் சீப்பு வாங்கிக் கொடுத்திருக்கலாம், எத்தனை வருஷம் ரோமம் தரம் பிரிக்கக் கற்றுக் கொடுத்திருக்கலாம்.

சீப்பு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் பாதித் தொழில் அந்தச் சீப்பில்தான் இருக்கிறது. மரப்பிடியில் நீளமான இரும்புப் பற்கள், நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். பல் நுனி கூர்மையாக இருந்தால் தோல் கிழியும், அதனால் தேய்த்து மழுக்கியிருக்க வேண்டும். இடைவெளி அகலமான சீப்பால் முதலில் மேல்முடியைச் சிக்கெடுத்து, புல்லும் சாணியும் போக வாரிவிட வேண்டும், அப்புறம்தான் நெருக்கமான பல்லுள்ளது. ஆட்டைப் படுக்க வைத்துக் கால்களைக் கட்டுவார்கள், அல்லது நின்றபடியே கொம்பை ஒரு கம்பத்தில் கட்டுவார்கள். தோளிலிருந்து தொடங்கி, முடி படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். ரோமம் சரியாகத் தளர்ந்திருந்தால் சீப்பு நிறைய நிறையப் பாய் மாதிரி சுருண்டு வரும், ஆடும் அமைதியாகக் கிடக்கும். தளராத ரோமத்தை இழுத்தால் ஆடு கத்தும், தோல் சிவக்கும், கையில் வருவதும் கொஞ்சம்தான். ஒரு ஆட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து இரண்டாம் முறை சீவினால் மிச்சமும் வந்துவிடும்.

எப்போது சீவுவது என்பதைக் காலண்டர் சொல்லாது. எல்லா ஆடும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை, வயது, சினை, தீனி எல்லாம் பொறுத்து முன்பின் ஆகும். கழுத்துப் பக்கம் முடியை விலக்கி, அடிரோமத்தில் ஒரு சிட்டிகை பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு வாரம் முந்தினால் வலி, இரண்டு வாரம் பிந்தினால் ரோமம் முள்செடியிலும் வேலியிலும் தொங்கும். இந்த நேரம் வேறு ஆடு குட்டி போடுகிற நேரம். சினையாட்டைக் கால்கட்டிப் புரட்டக் கூடாது, கரு கலைந்துவிடும்.

ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பல இடங்களில் கத்தரித்தே எடுக்கிறார்கள், ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மேல்முடியும் அடிரோமமும் சேர்ந்து வந்துவிடும், கிலோவில் உண்மையான ரோமம் குறைவு. தவிர, குளிர் முழுக்கப் போகாத மார்ச் மாதத்தில் மேல்முடியையும் இழந்த ஆடு ஒரு ராத்திரிப் பனிமழையில் செத்துப் போகலாம். மலை நாட்டுக்குச் சீப்புதான் சரி.

எடுத்ததை எதில் போடுவது என்பதுகூட விஷயம்தான். உரச்சாக்கில் அடைத்தால் அதன் பிளாஸ்டிக் நார் பிய்ந்து ரோமத்தில் கலந்துவிடும், எந்த இயந்திரமும் அதைப் பிரிக்காது, சாயமும் ஏறாது, கடைசியில் துணியில் கோடாகத் தெரியும். பருத்தித் துணிப் பைதான் வேண்டும். வெள்ளை ஆட்டைச் சீவுகிற இடத்தில் கறுப்பு ஆட்டைச் சீவினால், ஒரு கறுப்பு இழை போதும், வெளிர் நிறத் துணியில் அது கண்ணை உறுத்தும். ஆகவே வெள்ளை முதலில், கறுப்பு கடைசியில், நடுவில் தரையைப் பெருக்க வேண்டும். இளம் ஆட்டு ரோமம் சன்னமானது, வயதாக ஆகத் தடிக்கும். அதையும் தனிப் பையில் போட வேண்டும். இதெல்லாம் பணம் செலவாகாத வேலை. ஆனால் வாங்க வருகிறவர் எல்லாவற்றுக்கும் ஒரே விலை கொடுத்தால் ஏன் பிரிக்கப் போகிறார்கள்? கிர்கிஸ்தானில் பல வருஷம் நடந்தது அதுதான், சன்னமும் தடிப்பும் ஒரே தராசில், ஒரே விலையில். சன்ன ரோமம் வைத்திருந்தவருக்கு அதைக் காப்பாற்ற எந்தக் காரணமும் இல்லாமல் போனது. எடைக்கு மட்டும் காசு என்றால் யார்தான் அதிகம் காய்க்கிற கலப்புக் கிடாவைத் தேட மாட்டார்கள்? சந்தை வாங்குகிற விதமே ஆட்டை மாற்றிவிடும்.

பிரிக்கிற வேலையைச் சொல்லாமல் விட முடியாது. சீவிய ரோமத்தில் பாதி அளவுதான் சுத்தமான அடிரோமமாக மிஞ்சும், சில நேரம் அதிலும் குறைவு. காஷ்மீரில் பெண்கள் கையாலேயே முடியைப் பொறுக்கி எடுத்து, அரிசி மாவைத் தூவிப் பிசைந்து எண்ணெய்ப்பிசுக்கை எடுத்து, அப்புறம்தான் ராட்டையில் நூற்பார்கள். கையால் பிரித்தால் இழை அறுவதில்லை, ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் வேலை கொஞ்சம்தான் நகரும். இங்கிலாந்தின் பிராட்போர்டில் ஜோசப் டாசன் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரத்தால் இதைச் செய்யக் கற்றுக்கொண்டார், அவருடைய நிறுவனம் அந்த ரகசியத்தை வைத்தே உலகச் சந்தையில் பெரிய ஆளானது. இன்றைக்கும் ரோமம் எடுப்பவருக்கும் துணி விற்பவருக்கும் இடையில் பணம் தங்குகிற முக்கியமான இடம் அந்த இயந்திரம். லடாக்கில் வருஷத்துக்குக் கிடைப்பது 45 முதல் 50 டன் கச்சா ரோமம், உலக அளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. லேயில் மேய்ச்சல்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கென்று ஒரு முடிபிரிக்கும் ஆலை வந்தபோது, சாங்பாக்கள் என்கிற அந்த மேய்ச்சல்காரர்கள் அழுக்கு ரோமத்தை மட்டுமல்லாமல் சுத்தம் செய்த ரோமத்தையும் விற்க வழி பிறந்தது. கழித்த மேல்முடியும் வீண் போவதில்லை, கயிறு திரிக்கலாம்.

சரி, ரோமத்தைக் கூட்ட வேண்டும், சன்னமும் குறையக் கூடாது, கலப்பும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? மந்தைக்குள்ளேயே தேட வேண்டும். நாட்டு மந்தையில் ஆட்டுக்கு ஆடு இருக்கிற வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும், ஒரே கொட்டிலில் ஒன்று 80 கிராம் கொடுக்கும், பக்கத்தில் நிற்பது 300 கிராம் கொடுக்கும், இரண்டும் ஒரே சன்னத்தில் இருக்கவும் கூடும். எடை கூடினால் தடிக்கும் என்பது சராசரிக் கணக்கு. அதை மீறுகிற ஆடுகள் எல்லா மந்தையிலும் சில இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து, அவற்றின் கிடாக்குட்டிகளைக் கறிக்கு விற்காமல் வைத்துக்கொள்வதுதான் மொத்த இனப்பெருக்கத் திட்டமும். ஒரு கிடா ஒரு பருவத்தில் முப்பது நாற்பது குட்டிகளுக்குத் தகப்பனாகும், ஆக நூறு பெட்டைகளை மாற்றுவதைவிட மூன்று கிடாக்களைச் சரியாகப் பொறுக்குவது பலன் தரும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கொழுகொழுவென்று வளர்கிற கிடாக்குட்டிதான் முதலில் கசாப்புக்குப் போகிறது, யாரும் வாங்காமல் மிஞ்சிய நோஞ்சான் அடுத்த வருஷம் மந்தைக்குத் தகப்பன்.

பொறுக்கும்போது ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. பட்டினி கிடந்த ஆட்டின் ரோமம் சன்னமாகத்தான் இருக்கும், ஆனால் குட்டையாகவும் குறைவாகவும் இருக்கும், அது பரம்பரைக் குணம் இல்லை. ஒரு வயதுக் குட்டியை நாலு வயது ஆட்டோடு ஒப்பிடக் கூடாது. ஒரே மந்தை, ஒரே வருஷம், ஒரே வயது என்று வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். தீனி இன்னொரு வகையிலும் பேசும்: இரண்டாம் வகைக் குழிகள் பல, குட்டி பிறந்த பிறகுதான் முழுசாக வேலை செய்யத் தொடங்குகின்றன. கடைசி மாதச் சினையிலும் முதல் சில மாதப் பாலிலும் குறை வந்தால் அந்தக் குட்டியின் ரோமக் கணக்கு ஆயுளுக்கும் குறைந்துவிடும். குளிர்கால முடிவில் சினையாட்டுக்கு வைக்கிற இரண்டு பிடி வைக்கோல் அடுத்த பல வருஷ ரோமத்துக்கானது.

ஆட்டின் எண்ணிக்கையைக் கூட்டி ரோமத்தைக் கூட்டுகிற வழியை மங்கோலியா பார்த்துவிட்டது. 1990-ல் அங்கே 50 லட்சம் வெள்ளாடுகள் போல இருந்தன. 30 ஆண்டுக்குள் இரண்டரைக் கோடியைத் தாண்டின. மேய்ச்சல் நிலம் தேய்ந்தது. 2009-10 குளிர்காலத்தில் சுட் என்று அவர்கள் சொல்லும் கொடும்பனி வந்தபோது, ஆடு, மாடு, குதிரை என்று 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஒரே குடும்பம் 300 ஆடு வைத்து எடுக்கிற வருமானத்தை 150 நல்ல ஆட்டில் எடுக்க முடிந்தால் புல்லுக்கு மூச்சு கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கு சரிப்பட, வாங்குகிறவர் சன்னத்துக்கு விலை வைக்க வேண்டும்.

அலாய் வட்டாரத்தில் ஆய்வாளர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து இதைத்தான் முயன்றார்கள்: வசந்தத்தில் சீவுவதற்கு முன்னால் ஆட்டின் விலாவில் சிறிது ரோமம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, மைக்ரான் கணக்கு வந்ததும் சன்ன ரோமக் கிடாக்களை அடையாளம் வைப்பது, சீவிய ரோமத்தைத் தரம் பிரித்து நேராக வெளிநாட்டு நூற்பாலைக்காரரிடம் காட்டுவது. ஆய்வகம் எட்டாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சீவுகிற நாளில் ஒரு சின்னத் தராசு, பள்ளிக்கூட நோட்டு ஒன்று, கொஞ்சம் பசை. ஒவ்வொரு ஆட்டுக்கும் காது எண், வயது, இத்தனை கிராம் என்று எழுதி, விலாவில் எடுத்த ஒரு சிட்டிகை ரோமத்தைப் பக்கத்திலேயே ஒட்டி வைப்பது. வெள்ளைத் தாளில் கறுப்பு ரோமம் நன்றாகவே தெரியும், நீளத்தை அளவுகோலால் பார்த்துவிடலாம், எது சன்னம் என்பதை நோட்டின் இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றி விரலால் தடவுகிற பெண்களின் கை சொல்லிவிடும். இலையுதிர்காலத்தில் கிடா விடுகிற நேரம் வரும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் போதும்.